மெயில் முகவரியைத் தட்டினால் தண்டர்பேர்டுக்குப் பதில் எவல்யூஷன் திறக்கிறது

கேள்வி:
லினக்ஸில் க்னோம் டெஸ்க்டாப். போன வாரம் தண்டர்பேர்டு மெயில் செயலியை நீக்கிவிட்டு ஃபிளாட்பாக்கில் (லினக்ஸ் செயலிகளுக்கான ஒரு பொதி வடிவம்) மறுபடி நிறுவினேன். அதிலிருந்து பிடிஎஃப்பில் எந்த மெயில் முகவரியைத் தட்டினாலும் நான் ஒரு நாளும் தொடாத எவல்யூஷன் என்ற இன்னொரு மெயில் செயலி வந்து கணக்கு தொடங்கச் சொல்கிறது. ஃபயர்பாக்ஸில் தட்டினால் வெப்மெயில் வருகிறது, அது இன்னொரு கூத்து. தண்டர்பேர்டும் திறக்கும்போதெல்லாம் இயல்புச் செயலி ஆக்கவா என்று கேட்கிறது, ஆம் என்றாலும் அடுத்த தடவை அதே கேள்வி. எங்கே பார்ப்பது?

பதில் 1:
எவல்யூஷனைத் தூக்கிவிடுங்கள், தொல்லை விட்டது.

பதில் 2:
தூக்கினால் அடுத்து வரிசையில் எது இருக்கிறதோ அது வந்து உட்காரும், அவ்வளவுதான். தூக்கியே தீருவதென்றால் எவல்யூஷன் டேட்டா சர்வர் என்ற பொதியில் மட்டும் கை வைக்காதீர்கள், க்னோம் காலண்டர் அதை நம்பித்தான் ஓடுகிறது.

உங்களுக்கு இருப்பது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. ஃபயர்பாக்ஸ் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது: அமைப்புகள், பொது, அப்ளிகேஷன்ஸ் பகுதியில் மெயில்டு (mailto, மெயில் முகவரி இணைப்புகளின் வகைப்பெயர்) என்ற வரியைத் தேடி மாற்றுங்கள். மற்றது டெஸ்க்டாப் சமாச்சாரம். டெர்மினலில் எக்ஸ்டிஜி-மைம் குவெரி டிஃபால்ட் எக்ஸ்-ஸ்கீம்-ஹேண்ட்லர்/மெயில்டு என்று (ஆங்கிலத்தில்தான்! xdg-mime query default x-scheme-handler/mailto) தட்டிப் பாருங்கள், இயல்புச் செயலி எது என்று சொல்லும், என்ன வருகிறது? அப்படியே ஹோமில் டாட் கான்ஃபிக் அடைவுக்குள் மைம்ஆப்ஸ் டாட் லிஸ்ட் (mimeapps.list, எதை எந்தச் செயலி திறக்கும் என்ற பட்டியல்) கோப்பையும் திறந்து, மெயில்டு வரியில் என்ன இருக்கிறது என்று சொல்லுங்கள்.

கேட்டவர்:
ஃபயர்பாக்ஸ் சரியாகிவிட்டது, நன்றி. ஆனால் மற்றது குழப்புகிறது. கட்டளை எவல்யூஷன் என்கிறது, கோப்பிலோ தண்டர்பேர்ட் டாட் டெஸ்க்டாப் என்றுதான் இருக்கிறது. கோப்பு சரியாகத்தானே இருக்கிறது?

பதில் 2:
அங்கேதான் சிக்கல். அந்தப் பெயர் பழைய பொதியுடையது. நீங்கள் அதை நீக்கியதும், செயலியை டெஸ்க்டாப்புக்கு அறிமுகப்படுத்தும் அந்த டாட் டெஸ்க்டாப் கோப்பும் போய்விட்டது, வரி மட்டும் அநாதையாக நிற்கிறது. இல்லாத கோப்பைக் காட்டும் வரியை டெஸ்க்டாப் தாண்டிவிட்டு, மெயில்டு எனக்குத் தெரியும் என்று சொல்கிற வேறு செயலியை எடுத்துக்கொள்வது வழக்கம். அப்படி மாட்டியதுதான் எவல்யூஷன்.

ஃபிளாட்பாக்கில் கோப்பின் பெயர் ஆர்க் டாட் மொசில்லா என்று தொடங்கும். மனப்பாடமாகத் தட்டாதீர்கள், பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறினால்கூட எடுக்காது. வார், லிப், ஃபிளாட்பாக், எக்ஸ்போர்ட்ஸ், ஷேர், அப்ளிகேஷன்ஸ் என்று உள்ளே போனால் கோப்பு இருக்கும், அங்கிருந்து பெயரை நகலெடுத்து அந்த வரியில் ஒட்டுங்கள்.

பதில் 3:
மாற்றியும் அசையவில்லை என்றால் அதே கான்ஃபிக் அடைவில் க்னோம்-மைம்ஆப்ஸ் டாட் லிஸ்ட் என்று இன்னொன்று இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் க்னோமில் அதற்குத்தான் முதல் மரியாதை. எனக்கு ஒரு முழுச் சாயங்காலம் போனது அதில்தான்.

கேட்டவர்:
பெயரை மாற்றினேன், டெர்மினலில் எக்ஸ்டிஜி-ஓப்பன் (இயல்புச் செயலியில் திறக்கச் சொல்லும் கட்டளை) போட்டு ஒரு மெயில்டு முகவரியைக் கொடுத்தேன், தண்டர்பேர்டில் புது மடல் சன்னல் பெறுநர் முகவரியோடு திறந்தது. பிடிஎஃப்பிலும் சரி. திறக்கும்போது கேட்கிற அந்தக் கேள்வி மட்டும் இன்னும் வருகிறது, இனி கேட்காதே என்று டிக்கை எடுத்துவிட்டேன்.