புதுப்பிப்பு: தம்பியின் உதவித்தொகைக் கணக்கு

மூளை முடக்குவாதம் உள்ள என் தம்பிக்கு 18 வயதானதும், மாதம் 2000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகைக்காகக் கணக்கு தொடங்கப் போனால் வங்கியில் பாதுகாவலர் சான்று கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். கணக்கு தொடங்கியாச்சு, சான்று இல்லாமலே.

தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-ன்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழு தரும் சான்று அது. தானே முடிவெடுக்க முடியாதவர்களுக்குத்தான் தேவை. இவன் கல்லூரியில் பி.காம். படிக்கிறான்! பேச்சு குழறினால் புத்தியும் குறைவு என்று நினைப்பது எனக்குத் தாங்கவில்லை. மேலாளரிடம் அவனையே பேசவிட்டோம். பொறுமையாகக் கேட்டார். அப்புறம் பேனாவை இரண்டு கையாலும் பிடித்து, கட்டத்துக்கு வெளியே போனாலும் முழுப் பெயரையும் எழுதினான். ஏற்றுக்கொண்டார்கள்.

பாஸ்புக் நகலையும் யுடிஐடி அட்டையையும் (மாற்றுத்திறனாளிகளுக்கான தனி அடையாள அட்டை) மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். பணம் இன்னும் வரவில்லை, வந்ததும் சொல்கிறேன்.