சதுரத்தை வட்டமாக்கும் கயிற்றுக் கணக்கு, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், பட்டர்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். ஐந்தாம் ஆண்டு படிக்கும் மகள் ‘வேதக் கணிதம்’ வகுப்புக்குப் போகிறாள். 98ஐ 97ஆல் பெருக்கு என்றால், “நூறுக்கு 2 குறை, 3 குறை, 98இல் 3 போக 95, இரண்டு மூணு ஆறு, 9506” என்று நான் பேனா எடுப்பதற்குள் சொல்லிவிடுகிறாள். சந்தோஷம்தான். ஆனால் இது அப்படியே வேதத்தில் இருக்கிறது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அங்கேதான் இடிக்கிறது. அந்த 16 சூத்திரங்கள் பூரி சங்கராச்சாரியார் பாரதி கிருஷ்ண தீர்த்தரின் நூலில் 1965இல் அச்சானவை.

வழிபாட்டிலிருந்தே பிறந்த கணக்கு வேண்டுமென்றால், வேள்விக் குண்டங்களைக் கயிற்றால் அளந்து அமைக்கச் சொல்லும் பழைய வடமொழி நூல்களான சுல்ப சூத்திரங்கள் இருக்கின்றனவே! வேள்விக் குண்டங்களில் ஒன்று வட்டம், ஒன்று சதுரம், ஒன்று அரைவட்டம்; மூன்றுக்கும் பரப்பு ஒன்றாக இருக்க வேண்டும். அதற்குத்தான் கயிறும் முளையும்.

அதில் சொன்னபடி ஒரு சதுரத்தை அதே பரப்புள்ள வட்டமாக்க, போன ஞாயிறு வீட்டு வாசலில் நாங்களும் போட்டுப் பார்த்தோம். 2 மீட்டர் சதுரம். மையத்திலிருந்து மூலை வரை கயிறு. அதைப் பக்கத்தின் நடுவே திருப்பினால் சதுரத்துக்கு வெளியே நீளும் துண்டில் மூன்றில் ஒரு பங்கை மட்டும், மையத்திலிருந்து பக்கம் வரையுள்ள நீளத்தோடு சேர்த்து, அதை ஆரமாக வைத்து வட்டம். பரப்பு 4க்குப் பதில் 4.07 வருகிறது. (நைலான் கயிறு, இழுபட்டிருக்குமோ?) முறையே தோராயமானதுதானா?

அப்புறம், சுல்ப சூத்திரம் இயற்றியவர்களில் ஒருவரான பௌதாயனரின் சூத்திரங்களுக்குத் தமிழில் எளிய உரை யாரிடமாவது உண்டா? பினாங்குப் பக்கம் இருந்தால் நானே வந்து நகலெடுத்துக்கொள்கிறேன். கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் செய்து காட்ட ஆசை.