நவராத்திரிக் கும்பம், சூரன் போர் பார்க்க நிலாவெளியில் இருந்து திருகோணமலை டவுனுக்கு பஸ்ஸிலேயே போய் வரலாமா?

நிலாவெளிச் சித்தி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கனடாவில் ஸ்காபரோவில் இருக்கிற அக்கா குடும்பம் நவராத்திரிக்கு வந்து, தீபாவளி, கந்தசஷ்டி எல்லாம் முடித்துக்கொண்டுதான் திரும்பப் போகிறது. மகளுக்குப் பத்து வயது, மகனுக்கு நான்கு. மூத்தவள் இப்போதே முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறாள். ஒக்ரோபர் 31 அங்கே ஹாலோவீன். வகுப்புப் பிள்ளைகள் எல்லாம் பேய், சூனியக்காரி என்று வேஷம் கட்டி வீடு வீடாக இனிப்பு வாங்கப் போக, தான் மட்டும் இங்கே நுளம்புக்கடி வாங்கிக்கொண்டு இருக்க வேண்டுமாம். "சித்தி, உங்கட ஊரில பயப்பிடுற மாதிரி ஏதும் இருக்கா?" என்று வீடியோ கோலில் கேட்கிறாள். "வந்து பார், சூரன்ர தலையைக் கண்டால் இரவு நித்திரை வராது" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

சிக்கல் அத்தானோடுதான். ஒவ்வொரு நாளும் வான் பிடிப்போம் என்கிறார். வேலைக்குப் போகவும் வரவும் நான் பிடிப்பது புல்மோட்டை, குச்சவெளி பஸ்கள்தான். அதில் ஏறத் தெரியாதா எங்களுக்கு? ஆனால் நான் பொழுதுபட முன் வீடு வந்து சேருகிற ஆள். இரவுத் திருவிழா முடிந்து சின்னப் பிள்ளைகளோடு நிலாவெளிக்குத் திரும்புவது எப்படி என்று உண்மையாகவே தெரியாது. மழைக்காலமும் தொடங்கிவிடும். வெருகல் முருகனையும் பார்க்க வேண்டும் என்று அக்காவுக்கு ஆசை. அதுவும் பஸ்ஸில் சரிவருமா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ரிக்கற் புத்தகம் எழுதியது:

தங்கச்சி, நான் அரசாங்கச் சிவப்பு பஸ்ஸில் ரிக்கற் கிழித்தே தலை நரைத்தவன். இப்போது ஓய்வு. திருவிழா நாளில் பஸ் எப்படி ஓடும் என்பது எனக்குக் கொஞ்சம் தெரியும், அதனால் நீட்டி எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போகிற பஸ்ஸைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பகலில் நிலாவெளி வீதியில் பஸ்ஸுக்குக் குறைவில்லை. புல்மோட்டை, குச்சவெளி, இறக்கக்கண்டி என்று ஏதோ ஒன்று வந்துகொண்டே இருக்கும். நீங்கள் யோசிக்க வேண்டியது திரும்பி வருகிற பஸ். வீட்டில் இருந்து கணக்குப் போடாதீர்கள், கடைசி பஸ்ஸில் இருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். அன்றைக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று பஸ் நிலையத்தில் இறங்கியவுடனேயே ரைம்கீப்பரிடம் கேளுங்கள். போன கிழமை ஓடின பஸ் இந்தக் கிழமை ஓடும் என்றில்லை. விடுமுறை நாளில் தனியார் பஸ்காரர் ஆட்கள் குறைவென்றால் கடைசி ஓட்டத்தை வெட்டிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்லியும் பிரயோசனமில்லை, வெறும் பஸ்ஸுக்கு யார் டீசல் அடிப்பது?

இனி ஒவ்வொன்றாக வருகிறேன்.

கும்பம். இதற்கு பஸ்ஸில் வாருங்கள், பஸ்ஸில் திரும்ப நினைக்காதீர்கள். நவராத்திரி நாட்களில் கும்பம் வைத்துப் பூசை செய்கிற கும்பத்துமால்களைப் பின்னேரம் போய்ப் பார்த்துவிட்டு வெளிச்சத்தோடு திரும்பலாம், அதில் கரைச்சல் இல்லை. கும்பம் வெளிக்கிடுகிற இரவுதான் வேறு கதை. உடுக்கு அடிக்க, வேப்பிலையும் பாளையுமாக உயர்த்திக் கட்டிய கும்பத்தைத் தலையில் வைத்து ஆடிக்கொண்டு வருவார்கள். தெருவை அடைத்துச் சனம் நிற்கும். அந்த நேரத்துக்கு ஊர் பஸ் ஒன்றும் இருக்காது. அன்று இரவு டவுனில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் பாயைப் போடுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால் வீட்டுப் பக்கத்து ஓட்டோக்காரர் ஒருவரை வரப்போக என்று முன்கூட்டியே பேசி, காசையும் பேசி வையுங்கள். அத்தானின் வான் ஆசைக்கும் அந்த ஓர் இரவை விட்டுக்கொடுக்கலாம். பத்திரகாளி அம்மன் கோயில் பஸ் நிலையத்தில் இருந்து நடை தூரம்தான், அதனால் அங்கே வந்து சேருவதில் பிரச்சினை இல்லை.

கோணேசர் கோயிலுக்குப் பிள்ளைகளைக் காலையில் கூட்டிப்போங்கள். பஸ் நிலையத்தில் இருந்து கோட்டை வாசலுக்கு ஓட்டோ பிடிக்கலாம், நடக்கவும் செய்யலாம். பிரெட்ரிக் கோட்டைக்கு உள்ளே இருந்து கோயில் வரை ஏற்றம். நாலு வயதுக்காரன் பாதியில் தூக்கச் சொல்லுவான். வழியில் மான்கள் நிற்கும், அதைக் காட்டிக் காட்டி நடத்திவிடலாம். தின்னக் கொடுக்கிற சாட்டில் பொலித்தீன் பையை எறியாதீர்கள், அதையும் சேர்த்துத் தின்றுவிடும். பயம் கேட்ட பிள்ளைக்கு இராவணன் வெட்டில் இருந்து கீழே கடலைக் காட்டுங்கள், போதும்.

சூரன் போர்தான் உங்கள் பெண்ணுக்குச் சரியான சாமான். அமாவாசைக்கு அடுத்த நாள் விரதம் தொடங்கி ஆறாம் நாள். பின்னேரம் தொடங்கி இருட்டுப்பட முடிகிற விஷயம் என்பதால் பஸ்ஸுக்கும் பொருந்தும். வில்லூன்றிக் கந்தசாமி கோயில் டவுனிலேயே இருக்கிறது.

அவளைக் கூட்டத்துக்குப் பின்னால் நிறுத்தாதீர்கள், சூரன் நிற்கிற பக்கத்து மதிலோரம் நிறுத்துங்கள். பெரிய பெரிய கண்ணும் மீசையும் பல்லுமாக உடம்பு ஒன்றுதான், தலைதான் மாறும். யானைமுகம் போய்ச் சிங்கமுகம் வரும், பிறகு சூரபன்மனின் சொந்த முகம். தலை மாற்றுகிற ஆளைப் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த தலையைத் துணியால் மூடி வைத்துக்கொண்டு, மேளம் உச்சத்துக்குப் போகும் வரை அசையாமல் நிற்பார். வேல் வந்து தொட்டதும் பழைய தலையை உருவிப் புதியதைச் செருகி ஒரு கயிற்றை இழுத்துக் கட்டுவார். கண் மூடித் திறக்க முன் வேலை முடிந்துவிடும். தூக்குகிற பெடியள் சூரனை முன்னும் பின்னும் ஓட்டி, சனத்துக்குள் பாய்கிற மாதிரி ஆட்டுவார்கள். சின்னதுகள் அலறும், பிறகு "இன்னும் ஒருக்கா" என்று கேட்கும். கடைசியில் மாமரம், அது இரண்டாகப் பிளந்து சேவலும் மயிலும். வீடு வீடாக மிட்டாய் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல் என்பது என் எண்ணம். நான் கனடா பார்க்காதவன்.

ஒன்று மட்டும். மாமரம் விழுந்தவுடன் எல்லோரும் ஒரே நேரத்தில் பஸ் நிலையத்துக்கு ஓடுவார்கள். நீங்கள் மாமரம் வந்தவுடனேயே பிள்ளைகளின் செருப்பை எடுத்துக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்காபரோ அக்கா எழுதியது:

உங்கள் சொந்த அக்கா இல்லை நான், ஸ்காபரோவில் இருக்கிற இன்னொருத்தி. உங்கள் அத்தானைக் கொஞ்சம் திருத்தித்தான் அனுப்ப வேண்டும் போல இருக்கிறது. இங்கே டிடிசி என்கிற ரொறன்ரோ நகர பஸ்ஸில் 12 வயது வரை பிள்ளைகளுக்குக் காசே இல்லை. அவர்கள் பஸ்ஸிலேயே வளர்ந்த பிள்ளைகள். 2023இல் ஸ்காபரோ ஆர்டி ரெயிலை நிறுத்திய பிறகு நாங்கள் எல்லோரும் அதற்குப் பதிலாக விட்ட பஸ்ஸில்தான் இடிபடுகிறோம். பிள்ளைகளுக்கு பஸ் பயமில்லை. பயப்படுகிறவர் அத்தான்.

ஹாலோவீன் அன்றைக்கு எலும்புக்கூடு உடுப்புப் போட்ட ஆள் பக்கத்துச் சீற்றில் இருந்து போனில் கதைத்துக்கொண்டு வரும், ஒருத்தரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். குளிருக்கு அந்த உடுப்புக்கு மேலே தடித்த ஜக்கற் வேறு. ஆசைப்பட்டு வாங்கின இளவரசி உடுப்பு வெளியே தெரியாமல் அழுத பிள்ளை எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மகளுக்கு அதைச் சொல்லுங்கள், பாதி ஏக்கம் குறையும்.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கி எப்படி வருகிறார்கள்? கொழும்புக் கோட்டையில் இருந்து இரவு மெயில் ரெயில் எடுத்தால் பிள்ளைகள் படுத்துக்கொண்டு விடிய வந்து சேரலாம். சீற் முன்கூட்டியே பதிவு செய்யச் சொல்லுங்கள், தீபாவளி நேரம் கிடைக்காது.

ரிக்கற் புத்தகம்:

மெயில் நல்ல யோசனை. ஆனால் வந்து இறங்குகிற அன்று காலையிலேயே பூசை, அருச்சனை என்று ஒன்றையும் வைத்துவிடாதீர்கள். கல்ஓயாச் சந்தி, கந்தளாய்ப் பக்கம் யானை கடக்கிற காடு. 2025 பெப்ரவரியில் கல்ஓயாப் பக்கம் மட்டக்களப்பு ரெயிலில் அடிபட்டு ஆறு யானைகள் செத்தன. அந்தத் துண்டில் இரவில் மெதுவாகத்தான் ஓட்டுவார்கள், ஓட்டவும் வேண்டும். ஒரு மணித்தியாலம் பிந்தினால் பிந்தட்டும்.

பாலையூற்றுப் பக்கம் எழுதியது:

ஹாலோவீன் என்பதே நவம்பர் 1, அனைத்துப் புனிதர் திருநாளுக்கு முந்தின இரவுதான். அடுத்த நாள் நவம்பர் 2 எங்களுக்குக் கல்லறைத் திருநாள். அன்று பின்னேரம் எங்கள் சேமக்காலையில் துப்புரவாக்கிய கல்லறைகளில் பூவும் மெழுகுதிரியும் நிறைந்திருக்கும். பிள்ளைகளைக் கூட்டி வரலாம், தடை ஒன்றுமில்லை. வேடிக்கை பார்க்கிற இடம் அல்ல என்று மட்டும் சொல்லிக் கூட்டி வாருங்கள். படம் எடுப்பதென்றால் அந்தக் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வந்தால் ஒரு மெழுகுதிரி கொளுத்திவிட்டுப் போகலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

மூதூர்க்கரை எழுதியது:

வெருகல் பற்றி ஒருவரும் சொல்லவில்லையே. தாராளமாக பஸ்ஸில் போகலாம். டவுனில் இருந்து கிண்ணியா, மூதூர் வழியாக மட்டக்களப்புக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, வெருகல் கோயிலடி என்று முன்னரே சொல்லி வையுங்கள். 2009 ஒக்ரோபரில் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை எங்கள் ஆட்கள் துறையடியில் பாதை என்கிற மிதவைப் படகுக்குக் காத்துக் கிடந்து தேய்ந்தவர்கள். இப்போது ஒரே இருக்கையில் இருந்து இறங்கலாம்.

ஆனால் சூரன் போருக்கு வெருகலை வைக்காதீர்கள். அது நீண்ட ஓட்டம். நிலாவெளியில் இருந்து என்றால் டவுனில் ஒரு பஸ் மாற வேண்டும், திரும்பும்போது மறுபடி ஒன்று. ஏதாவது ஒன்று பிந்தினாலும் இரவில் பிள்ளைகளோடு வீதியில் நிற்பீர்கள். ஒருமுறை தனியார் பஸ் ஒன்று நாங்கள் கை காட்டக் காட்ட நிற்காமலே போனது. முழங்காலளவு பைகளோடு குடும்பமே நின்றதைக் கண்டிருப்பான், ஏற்றினால் நேரம் போகும் என்று நினைத்திருப்பான். சாதாரண வெள்ளிக்கிழமை ஒன்றில் விடியப் புறப்பட்டு, மத்தியானப் பூசை பார்த்து, இரண்டு மணிக்கு முன் வீதிக்கு வந்துவிடுங்கள். ஒக்ரோபர் மழை அனேகமாகப் பின்னேரம்தான் இடியோடு பிடிக்கும், காலை வெயிலாக இருக்கும். நவம்பர் நடுவுக்குப் பிறகு அந்தக் கணக்கும் இல்லை, விடிய விடியப் பெய்யும், வெருகல் ஆறும் பெருகும். ஆகவே தீபாவளிக்கு முன்னரே போய் வந்துவிடுங்கள்.

மூதூருக்குக் கடலால் வருகிற ஆசை இருந்தால் டவுன் இறங்குதுறையில் படகுச் சேவை இருக்கிறதா என்று அன்றைக்கே கேளுங்கள். காற்றுக் கிளம்பினால் கொட்டியாரக் குடாவில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.

நிலாவெளிச் சித்தி:

எல்லோருக்கும் நன்றி. கும்பத்துக்கு உவர்மலையில் பெரியம்மா வீட்டில் தங்குவது, சூரன் போருக்கு பஸ், வெருகலுக்கு ஒக்ரோபரில் ஒரு வெள்ளி என்று அக்காவோடு கதைத்துவிட்டேன். கல்லறைத் திருநாளுக்கும் வருவோம். மூத்தவள் இப்போது சூரனின் படங்களைப் போனில் தேடிக்கொண்டு இருக்கிறாளாம்.

ரிக்கற் புத்தகம் அண்ணா, இன்னும் ஒன்று. சின்னவனின் தள்ளுவண்டியை அக்கா கொண்டுவருகிறார். அதை பஸ்ஸில் ஏற்ற விடுவார்களா? அரை ரிக்கற்றும் எடுக்க வேண்டுமா?

ரிக்கற் புத்தகம்:

மூத்தவளுக்கு அரை எடுங்கள். சின்னவனை மடியில் வைத்திருந்தால் அனேகமாகக் கேட்கமாட்டார்கள், சீற்றில் தனியாக இருத்தினால் கேட்பார்கள், அது நியாயமும்தான். தள்ளுவண்டியை ஏற முன்னரே மடக்கி வையுங்கள். படியில் நின்று மடக்கினால் பின்னால் வருகிறவன் திட்டுவான். முன் கதவால் ஏறி, சாரதிக்குப் பின்னால் இருக்கிற இடைவெளியில் சாய்த்து வைக்கக் கேளுங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள். சூரன் போர் அன்றைக்கு மட்டும் அதை வீட்டில் விட்டுவிட்டு வாருங்கள். அந்தச் சனத்துக்குள் அதன் சில்லு யாருடைய காலிலாவது ஏறும். அவனைத் தூக்கத்தான் அத்தான் இருக்கிறாரே.