கதவு விளிம்பைக் கடித்துக் காற்று இழுக்கும் குதிரை: பட்டை போடுவதா, தீவனத்தை மாற்றுவதா?

பொள்ளாச்சி_சவாரி:
ரேஸில் ஓடி ஓய்ந்த தரோபிரெட், காயடித்த ஆண், 7 வயது. எடை நாடாவில் 420 கிலோ. தீவனம் தின்று முடித்த கையோடு கதவின் மேல் விளிம்பில் மேல்வரிசை முன்பல்லை ஊன்றி, கழுத்தை வளைத்துப் பின்னால் இழுத்து 'க்ர்க்' என்று சத்தம் எழுப்புகிறது. முன்பல் ஓரம் சரிவாகத் தேய ஆரம்பித்துவிட்டது. தினமும் ஓட்ஸ் 3 கிலோ, அவித்த கொள்ளு 1 கிலோ, கோதுமைத் தவிடு ஒன்றரை கிலோ, காலை 6 மாலை 6 என இரண்டு வேளை. கோ-4 (கம்பு நேப்பியர் ஒட்டு) பசும்புல் 15 கிலோ, அதுவும் அதே நேரத்தில்தான். வெளியே விடுவது காலையில் ஒரு மணி நேரம். காற்று இழுக்க விடாமல் தொண்டையில் இறுக்கிக் கட்டும் கழுத்துப் பட்டை போடலாமா? மிளகாய் விழுது பூசு என்கிறார்கள், பழைய என்ஜின் ஆயில் தடவு என்கிறார்கள். பக்கத்து லாயத்தில் மார்வாரி இனக் குட்டி ஒன்று நிற்கிறது. பார்த்துப் பழகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

லாயம்_கோவை:
பட்டையைப் பிறகு பார்ப்போம், முதலில் புல் கணக்கு. கோ-4ல் 80 சதவீதம் தண்ணீர். 15 கிலோ போட்டால் காய்ந்த கணக்கில் 3 கிலோதான் உள்ளே போகிறது. 420 கிலோ குதிரைக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதம், அதாவது 6.3 கிலோ காய்ந்த எடை குறைந்தபட்சம் வேண்டும். 8 கிலோ போனால் இன்னும் நல்லது. உங்கள் குதிரைக்குப் பாதிதான் கிடைக்கிறது. அதையும் ஓரிரு மணி நேரத்தில் தின்றுவிட்டு, மீதி இரவு முழுக்க வெறும் வயிற்றோடு நிற்கிறது. குதிரையின் இரைப்பையில் தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலம் சுரந்துகொண்டே இருக்கும். மென்றால்தான் அதைத் தணிக்கும் உமிழ்நீர் ஊறும். இந்தப் பழக்கத்துக்கான எரிபொருளே அங்கேதான் இருக்கிறது.

கோ-4ஐ 15 கிலோவிலேயே வையுங்கள், கூட்டாதீர்கள். அதோடு காய்ந்த அருகம்புல் 3 கிலோ, காய்ந்த குதிரை மசால் (லூசர்ன்) ஒன்றரை கிலோ. மொத்தம் 7 கிலோ காய்ந்த எடை வந்துவிடும். கூட்ட வேண்டாம் என்பதற்குக் காரணம், கோ-4ல் உள்ள ஆக்ஸலேட் கால்சியத்தைக் கட்டிப் போட்டுவிடும். தவிட்டிலோ பாஸ்பரஸ் அதிகம். இரண்டும் மாதக்கணக்கில் சேர்ந்து போனால் எலும்பிலிருந்து கால்சியம் உருவப்பட்டு, முக எலும்பு புடைக்கும், காரணம் பிடிபடாத நொண்டல் வரும். தவிட்டை அடியோடு நிறுத்திவிடலாம். மசாலில் கால்சியம் நிறைய, அமிலத்தையும் தணிக்கும்.

ஓட்ஸில் ஏறக்குறைய 40 சதவீதம் மாவுச்சத்து. ஒரு வேளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 கிராம் மாவுச்சத்தைத் தாண்டக்கூடாது. உங்கள் குதிரைக்கு அது 420 கிராம், அதாவது வேளைக்கு 1 கிலோ ஓட்ஸ். நீங்கள் கொடுப்பது ஒன்றரை, மேலே கொள்ளு வேறு. நாளைக்கு 2 கிலோ ஓட்ஸ், அரை கிலோ கொள்ளு, மூன்று வேளையாகப் பிரியுங்கள். உடல் இறங்கினால் தாவர எண்ணெய் 50 மில்லியில் ஆரம்பித்து 200 வரை ஏற்றலாம். வெல்லம், கரும்பு கையில் காட்டவே காட்டாதீர்கள்; இனிப்பு நாக்கில் பட்டதும் இந்தக் குதிரைகள் விளிம்பைத் தேடும். எல்லா மாற்றமும் 10 முதல் 14 நாளில் படிப்படியாக. ஒரே நாளில் மாற்றினால் சூலை (கடும் வயிற்றுவலி) வந்து நிற்கும்.

காய்ந்த புல்லில் பாதியை இரவு 10 மணிக்கு, 3–4 சென்டிமீட்டர் கண்ணுள்ள வலையில் கட்டுங்கள். வலை காலியாகித் தொங்கும்போதும் அடிப்பாகம் மார்பு உயரத்துக்குக் கீழே வரக்கூடாது, லாடம் அடித்த கால் மாட்டிக்கொள்ளும்.

நீலகிரி_லாடம்:
தீவனத்தைப் பற்றி மேலே சொன்னது அத்தனையும் சரி. நான் கதவுக்கு வருகிறேன். என்ஜின் ஆயில் விஷம், தொடவே வேண்டாம். மிளகாய் கண்ணில் பட்டால் கண் போகும். படாவிட்டாலும் ருசிக்குச் சீக்கிரம் பழகிவிடும். இரும்பு ஆங்கிள் அடித்தால் மரத்தைக் காப்பாற்றுவீர்கள், பல்லை இழப்பீர்கள். முன்பல் ஈறு வரை தேய்ந்த குதிரையால் குட்டைப் புல்லை மேய முடியாது. 10 மில்லிமீட்டர் கனமுள்ள பழைய கன்வேயர் பெல்ட்டை விளிம்பின் மேல் மடித்து, இரு பக்கமும் போல்ட் போட்டு இறுக்குங்கள். போல்ட் தலை பலகைக்குள் புதைந்திருக்க வேண்டும். ஆணி வேண்டாம், பெல்ட்டைப் பிய்த்தால் ஆணி வாய்க்குள் போகும். சுவரில் பதித்த தொட்டியை எடுத்துவிட்டு, தரையில் ரப்பர் தொட்டி வைத்து, தின்றதும் தூக்கிவிடுங்கள்.

பட்டை கடிப்பதைத் தடுக்கும், கடிக்க வேண்டும் என்ற உந்துதலைத் தடுக்காது. கழற்றிய அன்று முன்பைவிட அதிகமாகக் கடிக்கும். நம் ஊர் வியர்வையில் காதுக்குப் பின்னாலும் தொண்டைக்குக் கீழும் புண் விழும். அதனால் 24 மணி நேரப் பட்டைக்கு நான் முழு எதிரி.

பொள்ளாச்சி_சவாரி:
நன்றி அண்ணா. வயிற்றுப் புண் இருக்குமோ? அமிலத்தைக் குறைக்கும் ஒமெப்ரசோல் 20 மில்லிகிராம் கேப்ஸ்யூல் நாலு கொடுத்துப் பார்க்கச் சொல்கிறார் ஒருவர்.

குதிரை_வைத்தியம்:
குதிரைக்கான அளவு கிலோவுக்கு 4 மில்லிகிராம். 420 கிலோவுக்கு 1680 மில்லிகிராம், அதாவது அந்தக் கேப்ஸ்யூல் 84. நாலு கொடுத்துவிட்டு 'மருந்து வேலை செய்யவில்லை' என்று முடிவு கட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது. குதிரைக்கென்றே வரும் பேஸ்டை டாக்டர் எழுதிக் கொடுத்தால், காலையில் வெறும் வயிற்றில் கொடுத்து, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துத் தீவனம். 28 நாள் முழுக் கோர்ஸ். 3 மீட்டர் நீள எண்டோஸ்கோப் உள்ள இடமாக இருந்தால் முதலில் பார்த்துவிடுவது மேல். நொண்டலுக்கு ஃபினைல்பூட்டசோன் என்ற வலி மருந்து ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், அதுவே புண்ணை உண்டாக்கும்.

குட்டியைப் பிரிக்காதீர்கள். பார்த்துக் கற்றுக்கொள்வதாக நிரூபணம் இல்லை. ஒரே லாயத்தில் பல குதிரைகள் கடித்தால், ஒரே தீவனம், ஒரே அடைப்பு என்பதே காரணம். தனிமை இதை இன்னும் கிளறும். நடுச்சுவரில் கம்பி வைத்த திறப்பு விட்டு இரண்டும் முகர்ந்துகொள்ளும்படி செய்யுங்கள். முடிந்தால் பகலில் 6 மணி நேரமாவது சேர்த்தே வெளியில் விடுங்கள். குட்டிக்கும் பால் மறக்கும் காலத்தில் தானியத்தைக் குறைத்துப் புல்லைக் கூட்டுவதுதான் உண்மையான தடுப்பு.

பழக்கம் ஊறிப்போன குதிரை முழுக்க விடாது. தீவனம் தின்ற பின் 15 நிமிடத்தில் எத்தனை தடவை கடிக்கிறது என்று வாரம் ஒருமுறை எண்ணி எழுதி வையுங்கள். குறைகிறதா என்பது அதில் தெரியும். இந்தக் குதிரைகளுக்குச் சிறுகுடல், கல்லீரல் பக்கமுள்ள குறுகிய துவாரத்தில் நழுவிச் சிக்கும் வகைச் சூலை மற்றவற்றைவிட அதிகம் வருகிறது. ஆரம்பத்தில் வலி லேசாகத்தான் தெரியும். விலாவைத் திரும்பிப் பார்ப்பது, முன்காலால் தரையைப் பறிப்பது, சாணி நின்றுபோவது இவற்றோடு நாடி 60ஐத் தாண்டினால் (சாதாரணமாக 28–44) வலி ஊசியை நீங்களே போட்டுக் காத்திருக்காதீர்கள். டாக்டரைக் கூப்பிட்டுவிட்டு, குதிரையை ஏற்றிப்போக வண்டியையும் அதே நேரத்தில் சொல்லி வையுங்கள்.