ஐரிஷ் தகரக்காரங்களும் நம்மூர் ஈயம் பூசுறவங்களும் ஒரே தொழிலா?

கேள்வி (காரிமங்கலம்):
அயர்லாந்துல வண்டி கட்டிக்கிட்டு ஊர் ஊரா போன டிராவலர் மக்கள் தகர வேலை செஞ்சாங்கன்னு படிச்சேன். நம்ம பக்கம் ஈயம் பூச வர்றவங்க செய்யறதும் அதேதானா? அடுத்த வாரம் எங்க தெருவுக்கு ஒருத்தர் வர்றார். பித்தளை அண்டா ஒண்ணு, குண்டான் ரெண்டு இருக்கு. எதைப் பார்த்துக் குடுக்கணும்?

பதில் (ஓசூர்):
ரெண்டும் வேறங்க. டிராவலர் மக்கள் எடுத்தது ஏற்கெனவே வெள்ளீயம் பூசின மெல்லிய இரும்புத் தகடு. அதை வெட்டி, மரச்சுத்தியால வளைச்சு, ரெண்டு ஓரத்தையும் மடிச்சு ஒண்ணுக்குள்ள ஒண்ணு மாட்டித் தட்டி, ஈயத்தை உருக்கி ஒட்டி ஈயப்பத்து வைப்பாங்க. வாய் ஓரத்துல கம்பி வெச்சுச் சுருட்டலைன்னா கையை வெட்டும், வாளியும் நெளியும். குவளை, பால் கேன், வாளின்னு பண்ணை வீடுகள்ல வித்தாங்க, ஓட்டையும் அடைச்சாங்க. 1950, 60கள்ல பிளாஸ்டிக் வந்ததும் தொழில் படுத்துருச்சு. நிறைய குடும்பங்க பழைய இரும்பு வியாபாரத்துக்குப் போனாங்க. அவங்களைத் தனி இனக்குழுவா அந்த நாட்டு அரசு ஏத்துக்கிட்டது 2017 மார்ச் 1லதான். ரொம்பத் தாமதம்.

பதில் (பாலக்கோடு):
ஈயம் பூசுறதுல பாதி வேலை கழுவுறதுலயே இருக்கு. புளியும் மணலும் போட்டுத் தேய்ச்சு, களிம்பும் எண்ணெய்ப் பிசுக்கும் துளிகூட இல்லாம எடுக்கணும். பிசுக்கு இருந்த இடத்துல ஈயம் ஒட்டாது, திட்டுத் திட்டா நிக்கும். அப்புறம் கரி அடுப்புல துருத்தி போட்டுச் சூடேத்தி, நவச்சாரம்கற உப்பைத் தூவுவாங்க. வெள்ளைப் புகை வரும், தள்ளி நில்லுங்க. உடனே ஈயக்குச்சியைத் தொட்டு, உருகினதைப் பஞ்சால வேகமா இழுக்கணும். வெள்ளீயம் 232 டிகிரியிலயே உருகிரும். சூடு குறைஞ்சா கட்டி தட்டும், மிஞ்சினா கறுக்கும்.

பதில் (கிருஷ்ணகிரி):
முக்கியமா வெள்ளீயத்துல காரீயம் (லெட்) கலந்திருக்கான்னு பாருங்க. விலை கம்மி, சுலபமா உருகும், ஆனா விஷம். புளிக்குழம்புல கரைஞ்சு உள்ள போகும். குச்சியை வெள்ளைத் தாள்ல தேய்ங்க. கரும்சாம்பல் கோடு விழுந்தா வேண்டாம். நல்ல வெள்ளீயக் குச்சியை வளைச்சா கறகறன்னு சத்தம் கேக்கும். கொஞ்சமாக் கலந்திருந்தா இந்தச் சோதனை ரெண்டுலயும் பிடிபடாது, அதனால குச்சியை நீங்களே நம்பிக்கையான கடையில வாங்கிக் குடுத்துருங்க. கூலியில பேரம் பேசி அவரை நெருக்காதீங்க. கலப்படம் பாதி அங்கதான் ஆரம்பிக்குது.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. மறுபடி எப்போ பூசணும்?

பதில் (பாலக்கோடு):
உள்ள பித்தளையோட மஞ்சள் நிறம் தெரிஞ்சதும். கம்பி நார் போடாதீங்க, மரக்கரண்டி போதும். வெறும் பாத்திரத்தை அடுப்புல வைக்காதீங்க, பூச்சு உருகி ஓடிரும்.