விண்டோஸ் 10-இலிருந்து 11-க்கு: பழைய மெயில், பாமினி ஃபைல்கள் அப்படியே வருமா?

கேள்வி: விண்டோஸ் 10-க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் 11 போட்ட லேப்டாப் வாங்கியாயிற்று. படங்கள், டாக்குமென்ட்ஸ் எல்லாம் பென்டிரைவில் போய்விடும், சரி. தண்டர்பேர்டு மெயில்கள், ஃபயர்பாக்ஸ் புக்மார்க்குகள், பாமினி என்ற தமிழ் ஃபாண்டில் அடித்த வேர்டு ஃபைல்கள்? விண்டோஸ் 7-இல் பழைய கணினியில் உள்ளதைப் புதியதற்கு மாற்றித்தர ஈஸி டிரான்ஸ்ஃபர் என்று ஒன்று இருந்ததே, தேடினால் காணோம்.

பதில் 1: அதை 10-லேயே எடுத்துவிட்டார்கள். மெயிலும் புக்மார்க்கும் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கும், வியூ மெனுவில் ஹிடன் ஐட்டம்ஸை டிக் செய்தால்தான் கண்ணில் படும். அதில் ரோமிங் உள்ளே தண்டர்பேர்டு, மொசில்லா (ஃபயர்பாக்ஸ் இதற்குள்தான்) ஃபோல்டர்கள் இரண்டையும் முழுசாக காப்பி செய்து புதியதில் அதே இடத்தில் போடுங்கள், ஆனால் இரண்டு மெஷினிலும் அந்த மென்பொருள்களை மூடிவிட்டுச் செய்யுங்கள்.

பதில் 2: பாமினி ஃபாண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள் சார். அது யூனிகோடு இல்லை, ஃபாண்ட் இல்லாமல் திறந்தால் தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கொட்டிக்கிடக்கும். விண்டோஸ் ஃபோல்டரின் ஃபான்ட்ஸில் இல்லையென்றால் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று உள்ளே போய்ப் பாருங்கள், உங்கள் கணக்குக்கு மட்டும் நிறுவியது அங்கேதான் இருக்கும்.

கேள்வி கேட்டவர்: லோக்கலில்தான் இருந்தது, எடுத்துவிட்டேன். நன்றி.

பதில் 3: பழைய டிஸ்க்கை உடனே ஃபார்மேட் பண்ணிவிடாதீர்கள்.