புதுப்பிப்பு: சிப்பில் ஈஸ்ட் பிரிகிறது

புதுச்சேரியில் எங்கள் கல்லூரி ஆய்வகத்தில், நுண்கால்வாய் சிப்பில் (மிக மெல்லிய கால்வாய்களில் திரவம் ஓடும் சின்னத் தகடு) உயிருள்ள ஈஸ்டையும் செத்த ஈஸ்டையும் மின்புலத்தால் பிரிக்க முடியவில்லை, குமிழிதான் வருகிறது என்று முன்பு எழுதியிருந்தேன். இப்போது பிரிகிறது.

உப்புதான் வில்லன். உப்புக் கரைசல் செல்லின் உட்பகுதியைவிட நன்றாக மின்சாரம் கடத்தும். அதில் இரு வகைச் செல்களுமே மின்முனையை விட்டு விலகிவிடும். நேரு வீதியில் வாங்கிய அதே பேக்கரி ஈஸ்டை, உப்பில்லாத சுக்ரோஸ் (சர்க்கரை) கரைசலில் நன்றாகக் கழுவிவிட்டு, மாறுதிசை மின்சாரத்தை 1 மெகாஹெர்ட்ஸ் (நொடிக்குப் பத்து லட்சம் சுற்று) பக்கம் வைத்தோம். உயிருள்ளவை மின்முனை விளிம்புக்கு வந்து முத்துச்சரம் போல ஒட்டின. செத்தவற்றின் சவ்வு ஓட்டை, உள்ளிருந்த அயனிகள் வெளியே கசிந்துவிடும். அதனால் இழுவை குறைவு. செத்த செல்லில் ஏறும் மெத்திலீன் நீலச் சாயத்தோடு அவை ஓட்டத்தோடு போவதைப் பார்க்க வேண்டுமே!

பேட்டரி போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார். இந்த விசை மின்புலத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அதனால் மின்முனைகளில் நேரும் எதிரும் மாறி மாறி வந்தாலும் இழுக்கும் திசை மாறாது. பேட்டரி தரும் ஒரே திசை மின்சாரம் (DC) கொடுத்தால் தண்ணீர் பிளந்து மறுபடி குமிழிதான்.

புதுசு ஒன்றுமில்லை, அமெரிக்க இயற்பியலாளர் ஹெர்பர்ட் போல் (Herbert Pohl) 1966-லேயே ஈஸ்டை இப்படிப் பிரித்தார். இனி ஓட்ட வேகம்தான் பாக்கி. கூட்டினால் ஒட்டியவையும் சேர்ந்து அடித்துக்கொண்டு போகின்றன.